தோட்டத்துக் காற்று

எங்கள் வீட்டில் காற்றைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. தாத்தா காற்றுக் கட்சி. ஆச்சி புகைக் கட்சி.

வீட்டில் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ வந்துவிட்டால், தாத்தா மேற்குப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்து வைப்பார். "மலைக் காத்து உள்ளே வரணும். சீக்கு தானா வெளியே போயிரும்" என்பார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிய மறு நிமிஷம் ஆச்சி வந்து அத்தனை ஜன்னல்களையும் சாத்துவாள். சட்டியில் கங்கை அள்ளி, சாம்பிராணியும் காய்ந்த வேப்பிலையும் தூவி, மூலை முடுக்கெல்லாம் புகை காட்டுவாள். கண் எரிந்து நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். நோயாளி மட்டும் ஓட முடியாமல் உள்ளே கிடந்து இருமுவார். சாயங்காலம் தாத்தா திரும்பி வந்து மறுபடியும் ஜன்னலைத் திறப்பார். இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னல்தான் பாவம், ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து மூடிக் கீல் கழன்றது.

எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். அந்த நாளில் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்தது. 2019 முதல் தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிறவர்கள் சிவகிரியைத் தாண்டி, புளியங்குடிக்கு முன்னால் எங்களைக் கடந்து போவார்கள். பஸ்ஸில் வலது கைப் பக்கம் உட்கார்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். பூலித்தேவருடைய கோட்டைகளில் ஒன்று இருந்த ஊர் என்பது சரித்திரப் பெருமை. எலுமிச்சை விளைகிற சீமை என்பது வயிற்றுப் பாட்டுப் பெருமை. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களின் வழியாக மேல்காற்று இறங்கினால், கொடியில் போட்ட வேட்டியைத் தெருக்கோடியில் போய்ப் பொறுக்க வேண்டும். அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்த ஒருவர் காற்றுக் கட்சியில் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஆச்சி ஏன் புகைக் கட்சியில் சேர்ந்தாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

ஆச்சிக்கு ஒரு தம்பி. சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1952-ஆம் வருஷம், ஆடித் தபசு முடிந்து ஊர் திரும்பியவர் இருமினார். கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. க்ஷயம் என்று வைத்தியர் சொன்னார். அந்தச் சொல்லை அந்தக் காலத்தில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். வீட்டில் நாலு சின்னக் குழந்தைகள். தாத்தா ஒரே நாளில் முடிவு செய்தார். ஊருக்கு மேற்கே எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து, பக்கங்களில் தட்டி கட்டாமல், ஒரு குடிசை போட்டார். மைத்துனரைக் கொண்டுபோய் அதில் படுக்கவைத்தார். ஆச்சி மூன்று வேளையும் சோறு கொண்டுபோவாள். தாத்தா ஒரு விதி சொல்லியிருந்தார்: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும், சோற்றைக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

பதினாலு மாதம் அவர் அந்தக் காற்றில் கிடந்தார். 1953 ஐப்பசியில் இறந்துபோனார். குடிசையைக் கொளுத்தினார்கள். அன்றிலிருந்துதான் ஆச்சி புகைக் கட்சி.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்துவிட்டு, அதற்கு மேல் படிப்பு ஓடாமல் ஊர் வந்திருந்த சமயம். தாத்தா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்து, ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, திடீரென்று கேட்டாள்:

"ஏய்யா, நீ காலேசுல படிச்சவன்தான, ஒன்கிட்ட கேக்கேன். எந் தம்பியக் கொண்டு போயி காத்துல போட்டாவளே, அவன் நல்லா ஆவட்டும்னு போட்டாவளா, நாம நல்லா இருக்கணும்னு போட்டாவளா? ஒங்க தாத்தாகிட்ட கடைசி வரைக்கும் கேக்காம விட்டுட்டேன்."

"காத்தோட்டம் நல்லதுதான் ஆச்சி" என்று ஏதோ சொல்லி நழுவினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் பல வருஷங்கள் கழித்துக் காற்றின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டின் இரண்டு கட்சிகளும் உலகம் முழுவதும் இருந்திருக்கின்றன என்று தெரிந்தது.

முதலில் காற்றுக் கட்சியைப் பார்க்கலாம்.

காற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மிதக்கின்றன என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர். 1860-ல் அவர் காய்ச்சிய கஷாயம் அடைத்த கண்ணாடிக் குப்பிகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். அடிவாரத்து நாட்டுப்புறத்தில் 20 குப்பிகளைத் திறந்து மூடினார், 8 கெட்டுப்போயின. ஜூரா மலைமேல் 20 திறந்தார், 5 கெட்டன. பனிப்பாறைக்குப் பக்கத்தில் 20 திறந்தார். ஒன்றே ஒன்றுதான் கெட்டது. மலைக் காற்று சுத்தம் என்று நம் தாத்தாமார்கள் சொன்னதற்கு முதல் கணக்கு இதுதான்.

நம் தேசத்திலும் ஒருவர் எண்ணிப் பார்த்தார். டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், காலராவை ஆராய வந்தவர், கல்கத்தாவில் காற்றாடி போலத் திரும்பும் ஒரு கருவிக்குள் பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் துண்டை வைத்து, அதில் ஒட்டியதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து வரைந்தார். 1873-ல் புத்தகமாக வெளியிட்டார். காளான் வித்துக்கள் எந்த நாளும் காற்றில் ஏராளம். ஆனால் அவற்றின் எண்ணிக்கைக்கும் ஊரில் பரவிய காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கும் சம்பந்தம் தென்படவில்லை என்று எழுதினார். காலரா தண்ணீரில் வருவது என்பது பிற்பாடு நிச்சயமாயிற்று. நோயைத் தேடிப் போனவர் காளான்களோடு திரும்பினார் என்று சிரிக்கலாம். ஆனால் இல்லாத சம்பந்தத்தை இல்லை என்று எழுத ஒரு நேர்மை வேண்டும்.

1882-ல் ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்தது, மருந்து தெரியவில்லை. மருந்து இல்லாத இடத்தில் காற்று வந்து உட்கார்ந்தது. மலைமேலும் காட்டு ஓரத்திலும் சானடோரியங்கள் எழுந்தன. நோயாளியைப் பனியிலும் குளிரிலும் தாழ்வாரத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு கொடுத்து, காற்றைச் சுவாசிக்கச் சொன்னார்கள்.

இந்தக் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவர் என்று டாக்டர் சவுரி முத்துவைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் நோயாளியாகச் சில காலம் தங்கியது அங்கேதான். ராமானுஜனுக்கு வந்தது க்ஷயமே அல்ல, கல்லீரலைப் பற்றிய வேறு நோய் என்று 1994-ல் ஓர் ஆங்கில டாக்டர் வாதித்திருக்கிறார். அது உண்மையானால், குளிர்காற்று அந்த மனிதருக்குச் செய்தது என்னவென்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது. சவுரி முத்து தாய்நாடு திரும்பி 1928-ல் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அது சர்க்கார் கைக்கு வந்தது. இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்துக்குப் பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் அதில் ஏறி இறங்குகிற ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் காற்று வீசுவது தெரிகிறதோ!

எங்கள் தாத்தாவுக்குச் சவுரி முத்துவைத் தெரியாது. ஆனால் தாம்பரத்தில் செங்கல் கட்டடத்தில் நடந்ததைத்தான் அவர் ஓலைக் குடிசையில் நடத்திப் பார்த்தார்.

இனி ஆச்சியின் கட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், தொற்று நோயாளி இருந்த அறையைக் கதவடைத்து உள்ளே கந்தகம் கொளுத்துவது வழக்கம். அதைவிடப் பெரிய புகை போட்டவர் ஜோசப் லிஸ்டர் என்ற மகா வைத்தியர். ரண சிகிச்சையில் புண் அழுகிச் சாவதைக் கார்பாலிக் அமிலத்தால் தடுத்துக் காட்டிய புண்ணியவான். 1870-களில் அவர், காற்றில் மிதக்கும் கிருமிகளையும் விடக்கூடாது என்று, ஆபரேஷன் நடக்கும்போதே கார்பாலிக்கை ஆவியாகப் பீச்ச ஒரு கருவி வைத்தார். டாக்டர்கள் அந்த மூடுபனிக்குள் நின்று அறுத்தார்கள். கை வெளுத்து மரத்தது; தொண்டை எரிந்தது. கடைசியில், காற்றில் வரும் கிருமியைவிடக் கையிலும் கத்தியிலும் வரும் கிருமியே பெரிய எதிரி என்று புரிந்தது. 1890-ல் பெர்லின் மகாநாட்டில், இந்தப் பீச்சலைச் சிபாரிசு செய்ததற்காக வெட்கப்படுவதாக லிஸ்டரே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நம் நாட்டிலும் புகைக்குப் பரீட்சை நடந்திருக்கிறது. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2007-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மூடிய அறையில் ஹோம சாமக்கிரியை ஒரு மணி நேரம் புகைத்தால், அந்த அறைக் காற்றிலுள்ள பாக்டீரியா 94 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறதாம். இதைப் படித்த அன்று ஆச்சி ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. பார்த்தாயா, நம் முன்னோர்கள் அன்றே கண்டார்கள் என்று எழுதக் கை துடிக்கும் இடம் இது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த அறையில் கிருமிக்குப் பதில் ஒரு மனிதன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால்?

அதற்குப் பதில் லண்டனில் இருக்கிறது. ஆச்சியின் தம்பி ஓலைக் குடிசையில் கிடந்த அதே 1952-ஆம் வருஷம், டிசம்பர் 5 முதல் 9 வரை, லண்டனில் காற்று அசையவில்லை. வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகை ஊரின்மேல் மூடி போட்டதுபோல நின்றது. 4,000 பேர் செத்தார்கள் என்பது அந்த நாள் கணக்கு. பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் 12,000 வரை சொல்கிறார்கள். அதன் பிறகுதான் 1956-ல் காற்றைச் சுத்தமாக்கும் சட்டம் வந்தது. ஒரு வேடிக்கை பாருங்கள். ரோஜா இலையில் கரும்புள்ளி விழச்செய்யும் ஒரு பூஞ்சை உண்டு. கந்தகப் புகை மிகுந்த ஆங்கிலப் பட்டணங்களில் அந்த நோய் தலைகாட்டுவதில்லை என்று 1960-களில் கணக்கெடுத்துச் சொன்னார்கள். காற்று சுத்தமாக ஆக, கரும்புள்ளி திரும்பி வந்தது. புகை ரோஜாவைக் காப்பாற்றியது, ரோஜா வளர்த்தவனைக் கொன்றது. விஷத்துக்குக் கட்சி கிடையாது.

இரண்டு கட்சிகளும் இப்படி வாதாடிக்கொண்டிருக்கையில், வழக்கைத் தீர்க்கிற சாட்சி சென்னையிலிருந்து வந்தது.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் சேர்ந்து நடத்தியது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமை. சென்னையின் ஏழை நோயாளிகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது: காற்று, ஓய்வு, பால், முட்டை எல்லாம் உண்டு. மறு பாதி அவரவர் வீட்டிலேயே இருந்தது: நெருக்கமான குடிசை, அரை வயிற்றுச் சாப்பாடு, பிழைப்பையும் விட முடியாது. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமானார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. பின்னாலும் சில வருஷங்கள் தொடர்ந்து பார்த்து இதை உறுதி செய்தார்கள். மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே நோயாளி வெளியே விடும் கிருமி வெகுவாகக் குறைந்துவிடுகிறது, அதுதான் ரகசியம். உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஐசோநையாசிட் மாத்திரையின் சக்தி தெரிந்தது 1952-ல், ஆச்சியின் தம்பி இருமிய அதே வருஷம். அந்த மாத்திரை எலுமிச்சைத் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. ஆகவே, ஆச்சியின் கேள்வியில் பாதிக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. காற்று அவரைக் குணப்படுத்தியிருக்காது. காற்றுக்கு அந்தச் சக்தி இல்லை.

அப்படியானால் மறு பாதி? காற்று மற்றவர்களைக் காத்ததா?

க்ஷயக் கிருமி காற்றில் போகுமா என்பதையே 1950-களின் பிற்பகுதி வரை கண்ணால் காட்டியவர் இல்லை. வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1934-ல் ஒரு விஷயம் சொன்னார். இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். சின்னத் துளிகள் விழுவதற்குள் உலர்ந்து, கிருமியைச் சுமந்தபடி மணிக்கணக்கில் மிதக்கும். இதை அவரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பரீட்சித்தார்கள். க்ஷய வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக்குக் கொண்டுபோய் அங்கே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். கீழே இருந்தவர்களை ஒருபோதும் காணாத அந்தப் பிராணிகளுக்கு நோய் வந்தது. அதே காற்றில் புற ஊதா வெளிச்சம் பாய்ச்சி அனுப்பியபோது வரவில்லை.

மூடிய வீட்டில் காற்று நோயைச் சுமக்கும் என்று தெரிந்தது. திறந்த வெளியில் அது எவ்வளவு நேரம் சுமக்கும்? இதற்குப் பதில் வந்த இடம்தான் இந்தச் சரித்திரத்தில் மிகவும் விசித்திரமானது. பதிலைக் கண்டவர்கள் நோயாளிகளைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் அல்ல.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் நாட்டுப்புறத்தில் போர்ட்டன் டவுன் என்ற இடத்தில் ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. எதிரி கிருமி மேகத்தைக் காற்றில் அவிழ்த்துவிட்டால் அது எவ்வளவு தூரம் உயிரோடு போகும் என்பது அவர்களுடைய கவலை. ட்ரூயெட், மே என்ற இருவர் 1960-களில் இதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். கிருமியைக் காற்றில் விட்டால் பறந்துவிடும். திரும்பப் பிடித்து எண்ண முடியாது. ஆகவே சட்டத்தில் சிலந்தி நூலைச் சுற்றி, அந்த நூலில் கிருமிகளை ஒட்டவைத்து, இரவில் வெளியே வைத்தார்கள். நூல் மெல்லியது, கிருமி மிதப்பதற்கும் அதில் ஒட்டியிருப்பதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. இரவாகையால் சூரிய வெளிச்சத்தின் மேல் பழி போடவும் முடியாது.

ஆய்வுக்கூடக் காற்றில் நெடுநேரம் உயிரோடிருந்த கிருமிகள் வெளிக்காற்றில் மளமளவென்று செத்தன. அதே வெளிக்காற்றை ஒரு பாத்திரத்தில் அடைத்து, அதே சூட்டில் அதே ஈரத்தில் வைத்தால் கொல்லும் சக்தி போய்விட்டது. ஒரு ராத்திரி கொன்ற காற்று மறு ராத்திரி சாதுவாக இருந்தது. எல்லாக் கிருமிகளும் ஒன்றுபோலச் சாகவும் இல்லை. கெட்டியான ஓடுள்ள வித்துக்கள் பிழைத்துக்கொண்டன. பெயர் தெரியாத அந்தச் சக்திக்குத் "திறந்தவெளிக் காரணி" என்று பெயர் வைத்து, 1968-ல் அறிவித்தார்கள்.

சவுரி முத்து உயிரோடிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். திறந்த வெளியில் மருந்து இருக்கிறது என்று அவர் கட்சியே சொல்லியதல்லவா? ஆனால் அது என்ன மருந்து என்று தேடிப் போனபோது கதை திரும்பியது. வெளிக்காற்றில் ஓசோன் என்ற வாயு கொஞ்சம் எப்போதும் உண்டு. வெகு உயரத்தில் வெயிலின் கடுமையிலிருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன்தான். ஆனால் தரைக்கு அருகில் அது நுரையீரலை எரிக்கும். அது தனியாக அவ்வளவு கிருமிகளைக் கொல்லாது. பெட்ரோல் ஆவியில் இருக்கும் ஒலிஃபின் என்ற வகைப் பொருள்களோடு அது கூடும்போது, சிறிது நேரமே வாழும் ஏதோ ஒரு விஷம் பிறக்கிறது. கிருமியைக் கொன்றது அதுதான் என்று அங்கேயே 1970-ஐ ஒட்டிச் செய்த சோதனைகள் காட்டின. மூடிய பாத்திரத்தில் அது சுவர்களில் ஒட்டி மறைந்துவிடும். அதனால்தான் அடைத்த காற்று சக்தி இழந்தது. அந்த விஷத்தின் சரியான உருவம் எது என்பதில் மட்டும் வாதம் நடந்துகொண்டே இருந்தது.

அதாவது, நாட்டுப்புறத்துச் சுத்தக் காற்றின் மகிமை என்று நினைத்ததில் ஒரு பங்கு, தூரத்துப் பட்டணத்தில் மோட்டார் வண்டிகள் விட்ட மூச்சு. காற்றுக் கட்சியின் கோட்டைக்குள்ளே புகைக் கட்சி உட்கார்ந்திருந்தது!

இந்த இடத்தில் கதைக்காரனுக்குக் கை பரபரக்கும். ஏனென்றால், எலுமிச்சை இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனையில் லிமோனீன் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் ஒலிஃபின் வகைதான். ஓசோனைக் கண்டால் உடனே கூடும். எங்கள் தோட்டத்து மரங்களே ஆச்சியைக் காத்தன என்று முடித்துவிட்டால் கதை எவ்வளவு அழகாக முடியும்! ஆனால் 1952-ல் எங்கள் தோட்டத்தில் சிலந்தி நூல் கட்டிப் பார்த்தவர் யாருமில்லை. கன்னிங்ஹாமுடைய நேர்மையில் கால் பங்காவது எனக்கு வேண்டும். ஆகவே அந்த அழகான முடிவை விட்டுவிடுகிறேன். திறந்த குடிசையில் இருமலின் துளிகள் நொடியில் கலைந்து மெலிந்துபோயிருக்கும். பகலில் வெயில் அவற்றைக் கொன்றிருக்கும். இவ்வளவு சொல்லலாம். இதுவே போதும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புகை நிறைந்த காற்று கிருமிக்கு எமன் மட்டுமல்ல, சில சமயம் வண்டியும் ஆகிறது. பெய்ஜிங் நகரத்துக் கடும் புகைமூட்டத்தைச் சலித்து ஆராய்ந்தவர்கள், நுண் தூசியில் ஏறக்குறைய 1,300 வகை நுண்ணுயிர்கள் இருப்பதாக 2014-ல் எழுதினார்கள். பெரும்பாலும் மண்ணிலிருந்து கிளம்பிய சாதுக்கள். சில மட்டும் நோய் தருபவை. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், புகை கிருமியைக் கொல்வதற்கு முன்னால் நம் காவல்காரர்களைக் கொல்கிறது. மூச்சுக் குழாயில் தூசியைத் தள்ளி வெளியேற்றும் மெல்லிய ரோமங்களையும், நுரையீரலில் கிருமியை விழுங்கும் அணுக்களையும் அது முடக்கிவிடுகிறது. சென்னை க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் திருவள்ளூர் ஜில்லாவில் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். விறகும் வறட்டியும் எரிக்கிற வீட்டாரிடம் க்ஷயம் காணும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 1.7 மடங்கு இருந்தது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய அதே நிலையத்தின் வாரிசுகள் சொன்ன செய்தி இது.

எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதுவும் கிழக்கே பார்த்தது. மலைக் காற்று அதன் வழியாக வராது. அறுபது வருஷம் ஆச்சி அந்த அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தாள். தாத்தா திறந்து வைத்த ஜன்னல்களெல்லாம் அவர் படுத்த கூடத்தில் இருந்தன. அடுப்படியைப் பற்றி எந்தக் கட்சியும் பேசவில்லை. கடைசி நாட்களில் ஆச்சிக்கு ஓயாத இழைப்பு. க்ஷயமோ என்று சோதித்தார்கள்; கிருமி இல்லை. புகைதான் என்றார் டாக்டர். அவளுக்குச் சிகரெட் பழக்கம் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். அவள் ஊதியதெல்லாம் எங்கள் சோற்றுக்காக.

ஆச்சி போன பிறகு, துஷ்டிக்கு வந்த அத்தை ஒருத்தி ஒரு விஷயம் சொன்னாள். தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகும்போது சின்னப் பெண்ணான அவளும் கூடப் போவதுண்டாம்.

"ஒங்க தாத்தா சொன்னபடியெல்லாம் அவ நிக்கல. என்னைய மட்டும் வாய்க்கா வரப்புல நிறுத்திருவா. அவ குடிசைக்குள்ள போயி, தம்பி தலைய மடியில வச்சு, உருட்டி உருட்டி வாயில குடுப்பா. வந்து தாத்தாகிட்ட, கல்லுமேல வச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லுவா."

பதினாலு மாதம், மூன்று வேளையும். அவளுக்குக் க்ஷயம் வரவில்லை. கிருமி உடம்பில் புகுந்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் ஆயுளில் நோய் தலைகாட்டும் என்பது வைத்தியக் கணக்கு; ஆகவே அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நாலு பக்கமும் திறந்த அந்தக் குடிசையின் காற்றாகவும் இருக்கலாம். தட்டி கட்டிய வீட்டில் அப்படி மடியில் வைத்து ஊட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

ஆச்சி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். காற்றில் போட்டது உன் தம்பி பிழைப்பதற்காக அல்ல, நாங்கள் பிழைப்பதற்காக. தாத்தா அதை அறிந்து செய்தாரா, மலைக் காற்றை நிஜமாகவே நம்பிச் செய்தாரா என்பது அவரோடு போய்விட்டது. இறந்தவரின் உடுப்பைக் கொளுத்திய அன்று தாத்தாவும் ஒரு ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் அழுதார் என்று அத்தை சொன்னாள். அதை வைத்து நான் அவருக்கு நல்லவிதமாகவே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

இந்த வருஷம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டம் கைமாறிவிட்டது, எலுமிச்சை மரங்கள் மட்டும் இருக்கின்றன. பழைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களிடம் அனுமதி கேட்டு அடுப்படியைப் பார்த்தேன். காஸ் அடுப்பு வந்திருக்கிறது. மேற்குச் சுவரில் புதிதாக ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். மலைக் காற்று சமையலறைக்குள் வந்துகொண்டிருந்தது. கரி பிடித்த விட்டம் மட்டும் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு வெள்ளை அடிக்கவா என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டாள். அவர்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.